ஓரத்தை வெட்டும் டி.வி.

செண்பகராஜுக்குக் காலி சீட்டைக் கண்டால் பிடிக்காது. கோவில்பட்டி டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். வண்டி கிளம்பிய பிறகும் படியில் தொங்கியபடி ஆள் பிடித்து, கடைசி சீட்டில் ஐந்து பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேரை உட்காரவைத்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் புத்தி மாறவில்லை.

அதனால்தான், பூனாவிலிருந்து மகள் அனுப்பிய எண்பத்தைந்து இஞ்ச் டி.வி.யைச் சுவரில் மாட்டி, கூடவே வந்த, வீடியோ ஓட்டும் பெட்டியையும் இணைத்து, முதல் வீடியோவைப் போட்டபோது அவர் கண்ணில் படம் படவில்லை. படத்துக்கு இடப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டையும் வலப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டையும்தான் பட்டன. இவ்வளவு பெரிய டி.வி.யில் கால்வாசி இடம் காலியாகக் கிடந்தது. அவருக்கு வயிறு எரிந்தது.

அது அவர்களுடைய கல்யாண வீடியோ. 1998இல் எடுத்தது. கேசட்டிலிருந்து சி.டி.க்குப் போய், சி.டி.யிலிருந்து பென்டிரைவுக்குப் போய், இப்போது 2036இல் பெட்டிக்குள் வந்திருந்தது. அந்தக் காலத்து டி.வி. ஏறக்குறையச் சதுரம், படமும் சதுரம். பழைய டி.வி.யில் செண்பகராஜ் அதை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுத்தான் வைத்திருந்தார். அதில் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் மாவு மில் முதலாளிகள் மாதிரி அகலமாக நடந்துபோவார்கள். அவர் மனைவி ராஜபுஷ்பம் இருபது வருஷமாகத் தன் மாலை மாற்றும் காட்சியைப் பார்த்து, கல்யாணத்தன்றைக்கே இவ்வளவு குண்டாகவா இருந்தேன் என்று மனம் நொந்திருக்கிறாள். திரை நிறைகிறதே, அது போதாதா என்பார் இவர்.

புதிய பெட்டி கெட்டிக்காரப் பெட்டி. படம் எப்படி வேண்டும் என்று அதுவே திரையில் கேட்டது. மூன்று வழி காட்டியது: உள்ளபடி, இழு, நிரப்பு. உள்ளபடி என்றால் கறுப்புப் பட்டை. இழு என்றால் மாவு மில் முதலாளிகள். நிரப்பு என்பதுதான் இப்போது ஊரெல்லாம் பேச்சு. படத்துக்கு வெளியே அந்த நேரத்தில் என்ன இருந்திருக்கும் என்று பெட்டியே கணக்குப் போட்டு, இரண்டு பக்கமும் வரைந்து ஒட்டிவிடும். மண்டபத்துத் தூண் பாதி தெரிந்தால் மீதித் தூணை எழுப்பிவிடும். பந்தி பாதி தெரிந்தால் மீதி இலையையும் போட்டு ஆளையும் உட்காரவைத்துவிடும். கீழே பொடி எழுத்தில், ‘நிரப்பப்படும் பகுதி ஊகமே’ என்று ஒரு வரி வந்தது. டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை எந்தப் பயணி படித்திருக்கிறார்? செண்பகராஜ் நிரப்பு என்பதை அழுத்தினார்.

கறுப்புப் பட்டைகள் கலைந்து, மண்டபம் இரண்டு பக்கமும் விரிந்தது. சீரியல் விளக்குகள் சுவர் முனைவரை ஓடின. எங்கும் ஒரு சீட்டும் காலியில்லை. அவர் ஒரு முழு டம்ளர் காபியை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

இந்த நிரப்பால் தெருவில் நாலைந்து சண்டை நடந்திருந்தது அவருக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோவில், அதற்கு மூன்று வருஷம் முன்பே இறந்துபோன சித்தப்பா பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். சித்தி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மேலத் தெருவில் ஒரு வளைகாப்பு வீடியோவின் ஓரத்தில் அறிமுகமில்லாத ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்க, அந்த வீட்டுக்காரர் இன்றுவரை அவள் யாரென்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நிரப்பிய படம் சாட்சியாகாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. வீட்டுக்குள் யார் கோர்ட் பேச்சைக் கேட்கிறார்கள்.

ஆனால் செண்பகராஜுக்கு அன்றைக்கு வேறு கவலை. பிரிட்ஜின் மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. சிவகாசியிலிருந்து வந்தது. ராஜபுஷ்பத்தின் அண்ணன் காளிராஜன், தன் மகள் பிரதீபாவின் கல்யாணத்துக்கு அனுப்பியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பத்திரிகை வந்த நாளிலிருந்து ராஜபுஷ்பம் அதைத் தொடவில்லை. பிரிட்ஜைத் திறக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தாள்.

அண்ணனும் தங்கையும் பேசி முப்பத்தெட்டு வருஷம். காரணமும் ஒரு பத்திரிகைதான். காளிராஜன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷின்மேன். தங்கை கல்யாணத்துக்கென்று நாலு கலரில் தானே பத்திரிகைக்கு எழுத்துக் கோத்து, காகிதம்கூட எடுத்து வைத்திருந்தார். பெரியவர்கள் கூடி, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகையாக மாப்பிள்ளை ஊரிலேயே அடித்துவிட்டார்கள். என் தங்கச்சி பேரை நான் அடிக்காமல் எவன் அடிப்பது என்று காளிராஜன் கொதித்துப்போய், அந்தக் கல்யாண மண்டபத்தை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அந்தப் பத்திரிகையின் முகப்புக்குத் தங்கப் பிள்ளையார் படத்தைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை செண்பகராஜ். பிள்ளையாரைப் பற்றி அவர் மனைவியிடம் இதுவரை வாய் திறக்கவில்லை.

காளிராஜன் கல்யாணத்துக்கு வந்தார், நாங்கள் பார்த்தோம் என்று சொன்ன உறவினர் ஓரிருவர் உண்டு. ராஜபுஷ்பம் அதை ஏற்கவில்லை. அவளிடம் கேசட் இருந்தது. மூன்று மணி நேரக் கேசட். நாதஸ்வரக்காரர் கொட்டாவி விட்டதுவரை அதில் இருக்கிறது. கல்யாண நாள்தோறும் போட்டுத் தேடுவாள், கடைசியில் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பாள். கேசட்டில் இல்லையென்றால் வரவில்லை. அவ்வளவுதான். என் கல்யாணத்துக்கு வராதவன் மகள் கல்யாணத்துக்கு நான் எதற்குப் போகிறேன் என்பது அவள் கட்சி. அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கும் வயது அறுபத்தெட்டு. இந்த வெள்ளிக்கிழமையையும் விட்டால் பிறகு ஏதாவது கெட்ட காரியத்துக்குத்தான் போய் நிற்கவேண்டியிருக்கும் என்று செண்பகராஜுக்கு ஒரு பயம் இருந்தது.

அவர்களுடைய கல்யாண நாளும் அந்த வாரமே வந்தது. காலை பதினொரு மணிக்கு, கேசரி கிண்டி முடித்து, ராஜபுஷ்பம் சோபாவில் வந்து உட்கார்ந்தாள். நிரப்பிய படம் ஓடியது. நான் இவ்வளவு ஒல்லியாகவா இருந்தேன் என்று முதலில் சந்தோஷப்பட்டாள். கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டும் நேரம், திரையின் இடது ஓரத்தில், முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில், பட்டுச் சட்டை போட்ட ஒரு இளைஞர் இரண்டு கையும் நிறைய அட்சதை எடுத்துச் சிரித்துக்கொண்டே தூவினார்.

காளிராஜனேதான். அதே சுருட்டை முடி, அதே காது.

ராஜபுஷ்பம் ரிமோட்டை வாங்கி அந்த இடத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். செண்பகராஜ் பின்னால் போவதா வேண்டாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து வந்தவள், சிவகாசிக்குக் காலையில் எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருஷ கண்டக்டருக்கு அன்றைக்கு ஒரு வண்டி நேரமும் ஞாபகம் வரவில்லை.

அவள் ரவிக்கை தைக்கக் கொடுக்கத் தையல்காரியிடம் போனதும், அவர் இன்னொரு தடவை போட்டு ஆசை தீரப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். பட்டுச் சட்டைக்காரரின் வலது கையில் ஐந்து விரலும் இருந்தன.

காளிராஜனுக்கு வலது கையில் மூன்று விரல்தான் முழுசு. மோதிர விரலும் சுண்டு விரலும் கணுவோடு நின்றுவிட்டன. கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே அச்சகத்துக் கட்டிங் மெஷின் எடுத்துக்கொண்டது. மகள் பெட்டியை அனுப்பும்போதே குடும்ப ஆல்பத்தையும் அதற்குள் ஏற்றி அனுப்பியிருந்தாள். அதில் மாமாவின் படம் ஒன்றே ஒன்று, பத்தொன்பது வயதில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பெட்டி அந்த முகத்தையும் அந்தக் கையையும் எடுத்து ஒட்டியிருக்கிறது. புஷ்பம் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் சிவகாசி அவ்வளவுதான்.

அவர் மாரிச்செல்விக்குப் போன் போட்டார். அந்த வட்டாரத்தில் டி.வி., பெட்டி எதுவானாலும் அவள்தான் வந்து சரிசெய்வாள். நாற்பது வயது, ஸ்கூட்டர், நாலு முழத்துக்கு ஒரு வயர் சுருள். போன வீட்டில் யார் சொன்னாலும் உட்காரமாட்டாள்.

செண்பகராஜ் முழுக் கதையையும் ஒப்பித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“ஏம்மா மாரி, அந்த ரெண்டு விரலை மட்டும் கொஞ்சம் கட்டையாக்க முடியுமா?”

மாரிச்செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முடியும் அண்ணாச்சி. ‘இந்த ஆளுக்கு ரெண்டு விரல் கட்டை’ன்னு பெட்டிகிட்ட சொன்னா, ஒரு நிமிஷத்துல ஆக்கிரும். அவர் அழுவுற மாதிரி வேணும்னாலும் ஆக்கும். உங்க காலைக் கழுவுற மாதிரிகூட ஆக்கும்.”

“அதெல்லாம் வேண்டாம். விரல் போதும்.”

“நாளைக்கு அக்கா அங்க போயி, ‘அண்ணே, நீ பட்டுச் சட்டை போட்டு வந்து அட்சதை போட்டியே’ன்னு கேப்பாங்க. அவர் என்ன சொல்லுவாரு? எங்கிட்ட பட்டுச் சட்டையே கெடையாதேம்பாரு. அப்ப எங்க போயி ஒளிவீங்க?”

செண்பகராஜ் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு நின்றார். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் இத்தனை வருஷம் புஷ்பம் அண்ணனோடு பேசாதிருந்ததை ஒரு பொய் உடைத்திருக்கிறதே, அந்தப் பொய்க்கு இரண்டு விரலைச் சரிசெய்துவிட்டால் யாருக்கு நஷ்டம் என்றும் தோன்றியது. பொய்யைச் சொன்னது பெட்டிதானே என்று ஒரு மனசு. அழுத்தியது நீதானே என்று இன்னொரு மனசு. கடைசியில், நிரப்பை எடுத்துவிடு, புஷ்பம் வந்ததும் நானே சொல்லிவிடுகிறேன் என்றார்.

மாரிச்செல்வி உள்ளபடி என்பதை அழுத்தினாள். மண்டபம் சுருங்கி, கறுப்புப் பட்டைகள் திரும்ப வந்தன. பட்டுச் சட்டைக்காரர் மறைந்துபோனார். வேலை முடிந்தது என்று கிளம்பவேண்டியவள், திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டி.வி.யின் அமைப்புக்குள் போய் நாலைந்து பட்டியல் தாண்டித் துழாவினாள்.

உங்கள் டி.வி. படத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். செண்பகராஜுக்குப் புரியவில்லை. புது டி.வி.யா என்றார்.

“எல்லா டி.வி.யும்தான் அண்ணாச்சி. அந்தக் காலத்து டப்பா டி.வி.ல ஓரம் பிசிறு பிசிறா தெரியும். அதை மறைக்கிறதுக்குப் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, நாலு பக்கமும் ஒரு விரக்கடை வெளிய தள்ளிருவாங்க. டப்பா போயி பலகை வந்துருச்சு, பிசிறும் போயிருச்சு. இந்தப் பழக்கம் மட்டும் போகல. யாரும் உள்ள போயி நிப்பாட்டாததால அது பாட்டுக்கு வெட்டிக்கிட்டே இருக்கு. பெட்டியும் அப்படித்தான், ஓரத்தை வெட்டி எறிஞ்சிட்டுத்தான் நிரப்பவே ஆரம்பிக்கும்.”

“அப்ப கேசட்டுல இருக்கிறது முழுசா…”

“நீங்க ஒரு நாளும் பாத்ததில்ல.”

அவள் ‘ஓர வெட்டு’ என்றிருந்ததை அணைத்தாள். படம் ஒரு கணம் நடுங்கி, நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் சுருங்கியது. வெட்டுப்பட்டுக் கிடந்த ஓரம் வெளியே வந்தது. மேலே மாவிலைத் தோரணத்தின் நுனி. வலது பக்கம் யாரோ ஒருவர் மூக்கு. கெட்டிமேளம் கொட்டியது. இடது ஓரத்தில், பிசிறடித்த கோட்டை ஒட்டி, லைட் பிடிக்கிறவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. முகம் இல்லை. வெள்ளைச் சட்டையின் மடித்த கை மட்டும். அட்சதையைத் தூவி விரிந்த அந்தக் கையில் மூன்று விரல் நீளமாக இருந்தது, இரண்டு கட்டையாக இருந்தது.

செண்பகராஜ் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மாரிச்செல்வி அவருக்குத் தண்ணீர் கொண்டுவரத் தானே அடுப்படிக்குப் போனாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ராஜபுஷ்பம் வந்துவிட்டாள். திரையில் கறுப்புப் பட்டையையும், கணவர் முகத்தையும், வயர் சுருளையும் பார்த்தவள் ஏதோ புரிந்துகொண்டவளாகத் தலையாட்டினாள். செண்பகராஜ் திக்கித் திணறி, நீ காலையில் பார்த்தது உன் அண்ணன் இல்லை, பெட்டி வரைந்தது என்றார்.

“தெரியும்” என்றாள் அவள்.

“தெரியுமா?”

“அஞ்சு வெரலும் இருந்துச்சே. அந்தக் கைக்குத் தெனம் கட்டுப் போட்டு விட்டது நான்ல. எனக்குத் தெரியாதா?”

“பெறகு ஏன் புள்ள அழுத?”

“அப்படி வந்து நின்னிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு அழுதேன்” என்றாள். பையைக் கீழே வைத்தாள். “போகணும்னு எனக்கும் எத்தனையோ தடவ தோணிருக்கு. ஒரு சாக்கு வேண்டாமா? அந்தப் பெட்டி ஒண்ணு குடுத்துச்சு. சரி, இதை நம்புற மாதிரி இருந்துக்கிருவோம்னு நெனச்சேன். நீங்க அதையும் கெடுக்கப் பாக்கீங்க.”

செண்பகராஜ் ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, இடது ஓரத்தைப் பார் என்று மட்டும் சொன்னார்.

அவள் பார்த்தாள். இந்தத் தடவை அழவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். எண்பத்தைந்து இஞ்ச் டி.வி.யில் அது ஏறக்குறைய அவள் கையளவே இருந்தது. இத்தனை வருஷம் நான்தான் கேசட், கேசட் என்று ஊரார் வாயை அடைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு திரும்பி, வெள்ளிக்கிழமை வண்டி வேண்டாம், நாளைக்கே கிளம்பவேண்டும், மூன்றாம் மனுஷர்தான் முகூர்த்தத்துக்கு மட்டும் போவார்கள், கூடப்பிறந்தவள் நாலு நாள் முன்னால் போய்த் தேங்காய்க் கணக்குப் பார்க்கவேண்டாமா என்று கேட்டுவிட்டுப் பீரோவைத் திறந்தாள். மாரிச்செல்விக்கு ஒரு தட்டு நிறையக் கேசரி கிடைத்தது. உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சிவகாசியில் வாசல் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற காளிராஜன் தங்கையைப் பார்த்து ஏணியை விட்டுவிட்டார். மேலே இருந்தவர் கத்தியதை அன்றைக்கு யாரும் பொருட்படுத்தவில்லை. அவள்தான் முதலில், என் கல்யாணத்துக்கு வந்தியே, அதை ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“மிதிக்கமாட்டேன்னு சொன்ன மண்டபம். மேளச் சத்தம் கேட்டதும் கால் நிக்கல. லைட்டுக்காரருக்குப் பின்னால நின்னு அட்சதையைப் போட்டுட்டுப் போயிட்டேன். வந்தேன் வந்தேன்னு நானே சொல்லிக்கிட்டா அது வந்ததுல சேருமா தாயி?”

அன்றைக்குப் பந்தியில் சாப்பிட்டியா என்று கேட்டாள். இல்லை என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவள் அழுத அளவுக்கு, டி.வி.யில் பார்த்தபோதுகூட அழவில்லை. அன்று மத்தியானம் முதல் இலை போட்டு அவளே அண்ணனுக்குப் பரிமாறினாள். அந்தச் சந்தடியில் செண்பகராஜ், தங்கப் பிள்ளையாரைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்பதை மச்சானிடம் ஒப்புக்கொண்டார். காளிராஜன் யோசித்துவிட்டு, பிள்ளையார் நன்றாகத்தான் இருந்தார், மஞ்சள்தான் கொஞ்சம் கூடிவிட்டது என்றார்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மேடை நிறைய உறவு. வீடியோ எடுக்க வந்தவர் உருண்டையாக ஒரு காமிராவைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். காளிராஜன் பழக்கம் போல ஒதுங்கி, பெண்ணின் தகப்பன் என்றும் பாராமல், மேடையின் ஓரத்தில் தூணை ஒட்டிப் போய் நின்றுகொண்டிருந்தார். ராஜபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த மூன்று விரல் கையைப் பிடித்து இழுத்தாள். வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே, இது எட்டுத் திசையும் எடுக்கும் காமிரா, இதற்கு ஓரமே கிடையாது, அவர் எங்கே நின்றாலும் விழுவார் என்றார்.

அவள் அந்தக் காமிராவையும் நம்பவில்லை, அதைச் சொன்ன வீடியோக்காரரையும் நம்பவில்லை.

“நீ நடுவுல வந்து நில்லுண்ணே” என்றாள். “ஓரத்துல நின்னா டி.வி. வெட்டிரும்.”